முதல் கும்பிடு

விருத்தாசலத்தில் சாமிக்கண்ணு என்று மட்டும் சொன்னால் போதாது, அந்தப் பெயரில் தெருவுக்கு ஒருவர் இருப்பார். ‘சூளை சாமிக்கண்ணு’ என்று சொல்ல வேண்டும். ஜங்ஷனில் இறங்கி எந்த ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொன்னாலும் மறுகேள்வி கேட்காமல் வாசலில் கொண்டுபோய் விடுவார். அந்தப் பேர் யாரும் போட்ட பிச்சை அல்ல. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத ஆள், பொடியனாகக் களிமண் மூட்டை தூக்க செராமிக் தொழிற்பேட்டைக்குள் நுழைந்தவர், பொம்மை அச்சு ஊற்றி, பியூஸ் கட்டை அடுக்கி, ஒருநாள் சூளைக்கு முன்னால் போய் நின்றார். நின்றவரை அதற்குப் பிறகு யாராலும் நகர்த்த முடியவில்லை. இன்றைக்கு அவருக்குச் சொந்தமாக மாடி வீடு இருக்கிறது. மகளைப் பட்டப்படிப்பு படிக்கவைத்து புதுச்சேரியில் கட்டிக்கொடுத்திருக்கிறார். எல்லாம் அந்தக் கையால் வந்தது.

தைரியமும் அப்படித்தான். ஒரு தடவை சூளையின் பக்கச்சுவர் விரிந்து நெருப்பு வெளியே நாக்கை நீட்டியபோது மொத்த ஆளும் ரோட்டுக்கு ஓடியது. சாமிக்கண்ணு மட்டும் உள்ளே போய் கேஸை அடைத்துவிட்டு, கருகின புருவத்தைத் தடவிக்கொண்டு வெளியே வந்தார். பேட்டை முதலாளி வாயைத் திறந்தால் நாலு தெருவுக்குக் கேட்கும். அவருக்கு முன்னாலேயே இடுப்பில் கைவைத்து நிற்பார். பயம் கறுப்பா சிவப்பா என்று அவருக்குத் தெரியாது.

ஐம்பத்தாறாவது வயதில் தெரிந்துகொண்டார். நெருப்பு கற்றுக்கொடுக்கவில்லை. சட்டைப் பையில் கிடந்த போன் கற்றுக்கொடுத்தது.

ஊருக்கு வெளியே புதிதாக வந்த தனியார் பல்கலைக்கழகம் செராமிக் துறை ஆரம்பித்தது. பாடம் நடத்த ஆள் கிடைத்தார்கள். சூளை எரிக்க ஆள் கிடைக்கவில்லை. தேடி வந்து அழைத்தார்கள். கழுத்தில் நீல நாடாவோடு ஒரு அட்டை மாட்டினார்கள். அதில் அவர் படம், படத்துக்குக் கீழே ‘சூளைப் பயிற்றுநர்’ என்று எழுத்து. பிள்ளைகள் ‘சார்’ என்று கூப்பிட்டார்கள். அந்த அட்டையை அவர் ரேஷன் கடைக்கும் மாட்டிக்கொண்டு போனார். ஏன் போகக் கூடாது? மண் மூட்டை தூக்கின தோளில் அது தொங்கியது.

ஆனால் அந்த இடத்தில் ஒரு விநோதம் இருந்தது. யாரும் யாரையும் திட்டுவதில்லை. முதலில் அது அவருக்குப் பெரிய மரியாதையாகத் தெரிந்தது. போகப் போகத்தான் புரிந்தது, திட்டுவதில்லை என்றால் சொல்வதும் இல்லை. பேட்டையில் முதலாளி காலையில் அம்மா ஆத்தாவை இழுத்துத் திட்டுவார், சாயங்காலம் டீ வாங்கிக் கொடுப்பார். என்ன கோபம், எதற்குக் கோபம் என்று எல்லாம் வெட்டவெளிச்சம். இங்கே எல்லாமே வாட்ஸப் குரூப். பதிவாளர் அலுவலகத்தில் இருந்து இங்கிலீஷில் நாலு வரி வந்து விழும். லீவா, மீட்டிங்கா, தலைபோகிற சேதியா, எல்லாம் அந்த நாலு வரிதான். எதிர்க்கேள்வி கேட்கும் வழக்கம் கிடையாது.

இயற்பியல் ஆய்வகத்தில் பாலகிருஷ்ணன் என்று ஒருவர் இருந்தார். ஒருநாள் குரூப்பில் அவர் பெயரைப் போட்டு ‘நீக்கப்பட்டார்’ என்று ஒரு வரி வந்தது. மறுநாள் அவரை வாசலிலேயே செக்யூரிட்டி நிறுத்திவிட்டார். என்ன தப்பு செய்தார் என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் இல்லை. கேட்டவரையும் எங்காவது குறித்துவைத்துவிடுவார்களோ என்று அவரோடு தினமும் ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கூட அவர் பெயரை எடுக்கவில்லை. அன்றிலிருந்து போன் ‘டிங்’ என்றால் கட்டடம் முழுக்க ஒரு நொடி மூச்சு நிற்கும்.

இன்னொரு பெண் ஆசிரியர் ஒரு சேதிக்குப் பதில் போடவில்லை என்று விளக்கம் கேட்டு மெமோ வாங்கினார். அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வேர்விட்டது. எந்தச் சேதி வந்தாலும் உடனே கும்பிடும் கை படம் ஒன்றைத் தட்டிவிட வேண்டும். பார்த்தேன், பணிந்தேன் என்று அர்த்தம். இங்கிலீஷ் படிக்கத் தெரியாத சாமிக்கண்ணுவுக்கு இது வரப்பிரசாதம். தெரியாது என்பதை அந்த வளாகத்தில் ஒருவரிடமும் அவர் காட்டிக்கொண்டதில்லை. சேதி விழுந்தால் போதும், கட்டைவிரல் தானாகப் போகும். எல்லாரையும் முந்திக்கொண்டு முதல் கும்பிடு அவருடையதாகத்தான் இருக்கும். அதில் அவருக்கு ஒரு பெருமை.

அந்தப் பெருமைக்கு ஒரு வெள்ளிக்கிழமை வேட்டு விழுந்தது.

கேண்டீனில் டீ வாங்கிக்கொண்டு நின்றார். பதிவாளர் அலுவலகத்து உதவியாளர் அன்புக்கரசி பக்கத்தில் வந்து, டம்ளரைப் பார்த்தபடியே பேசினாள்.

“ஐயா, நீங்களுமா வெலகுறீங்க? நீங்க இருப்பீங்கன்னு நெனைச்சேன்.”

“எங்கம்மா வெலகுறேன்? வரிசையிலதான நிக்கிறேன்.”

“வெளையாடாதீங்க. நேத்து குரூப்புல வந்துச்சே. ‘இந்தப் பருவத்தோட வேலைய வுட்டு விருப்பப்பட்டு வெலகுறவங்க, சம்மதத்த இங்கயே தெரிவிக்கலாம்’னு. மொதோ கும்புடு உங்களுதுதான்.”

டீ நாக்கைச் சுட்டது. சுட்டதே அவருக்குத் தெரியவில்லை.

“அது... அது சரிம்மா. தெரிஞ்சிதான்...” என்று இழுத்தார். இந்த நேரத்தில்கூட ‘படிக்கத் தெரியாது’ என்று சொல்ல வாய் வரவில்லை.

“திங்கக்கெழம காலையில கும்புடு போட்டவங்க எல்லாரும் பதிவாளர் சாரப் பாக்கணுமாம். இப்ப ஒவ்வொருத்தரா போன் பண்ணப்போறேன். எதுக்குன்னு எங்கிட்டயும் சொல்லல. நான் பேசினேன்னு யாருகிட்டயும் சொல்லிடாதீங்கய்யா, எனக்கு வேல போயிடும்” என்றவள் டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சாமிக்கண்ணு அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷம் முதுகு ஒடியச் சேர்த்த மானத்தை ஒரு கட்டைவிரல் தட்டிவிட்டதே! அடித்துத் துரத்தினால் ஊருக்கு முன்னால் நியாயம் கேட்கலாம். தானாகவே கைகூப்பி ‘போறேன்’ என்று சொன்னவனுக்கு என்ன நியாயம் இருக்கிறது?

துறைத் தலைவர் திருமால் நல்ல மனுஷன், பெரிய படிப்பு படித்தவர். அவர் அறைக்குப் போனார்.

“சார், திங்கக்கெழம...” என்று ஆரம்பித்தார்.

திருமால் சட்டென்று எழுந்து போய்க் கதவைப் பார்த்தார். பிறகு மேஜை மேல் இருந்த தன் போனைக் குப்புறக் கவிழ்த்தார்.

“அதப் பத்தி இங்க பேச வேணாம் சாமிக்கண்ணு.”

“இல்ல சார், அதுல என்ன போட்டிருந்துதுன்னு...”

“எனக்குத் தெரியாது. நீங்க எங்கிட்ட எதுவும் கேக்கல, நானும் எதுவும் சொல்லல. சரியா? சூளையப் பாருங்க, போங்க.”

கதவு வரைக்கும் கூடவே வந்து விட்டார். வழியனுப்பின மாதிரி இல்லை. வெளியே தள்ளின மாதிரி இருந்தது. திரும்பி வரும் வழியில் எதிரே வந்த ரெண்டு ஆசிரியர்கள் அவரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தி, சுவரில் ஒட்டியிருந்த ஏதோ ஒரு தாளைப் படிக்க ஆரம்பித்தார்கள். இவர்களுக்குத் தெரிந்துவிட்டது, என் பெயர் அடிபட்டுவிட்டது என்று சாமிக்கண்ணு முடிவே கட்டிவிட்டார்.

சனிக்கிழமை சூளை ஆறிக்கொண்டிருந்தது. உள்ளே மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் ராப்பகலாகச் செய்த தட்டுகள் இருந்தன. கதவுக்குப் பக்கத்தில் அவர் நிற்கும்போது பையில் போன் ‘டிங்’ என்றது. உடம்பு தூக்கிப்போட்டது. ‘நீக்கிட்டாங்க’ என்று ஒரே எண்ணம். அந்தப் பதற்றத்தில், இன்னும் சூடு இறங்காத சூளையின் கதவை அவருடைய கையே இழுத்துத் திறந்துவிட்டது. வெளிக்காற்று உள்ளே புகுந்த மறுகணம், டக்... டக்... டக் என்று தட்டுகள் ஒவ்வொன்றாக வெடிக்கும் சத்தம். தன் வாழ்நாளில் அவர் கையால் நடக்காத காரியம்.

போனை எடுத்துப் பார்த்தார். யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து.

சத்தம் கேட்டு திருமால் வந்தார். விரிசல் விட்ட தட்டுகளைப் பார்த்தார். சாமிக்கண்ணுவைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர் மாதிரி உதடு அசைந்தது. சொல்லாமலேயே போய்விட்டார். பிள்ளைகளும் வாயைத் திறக்காமல் கூட்டிப் பெருக்கினார்கள். ‘ஏன்யா இப்புடிப் பண்ணே, கண்ணு அவிஞ்சிப் போச்சா’ என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர் திட்டியிருந்தால் அவருக்கு மூச்சு வந்திருக்கும். ஒருத்தரும் திட்டவில்லை. இவர் போகிற ஆள்தானே, இவரிடம் என்ன பேச்சு என்று முடிவு செய்துவிட்டார்கள் என்றே நினைத்தார்.

வீட்டிலும் அவர் பேசவில்லை. மனைவி ஆண்டாள் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள்.

“என்னாங்க, கொழம்பு புடிக்கலியா?”

“நல்லாத்தான் இருக்குது.”

“நல்லாருந்தா ஏன் வெரலால கோலம் போட்டுக்கிட்டு இருக்கீங்க? ஒடம்புக்கு என்னா?”

“ஒண்ணுமில்ல. சும்மா கெட.”

“சும்மா கெடன்னா எப்புடிங்க? நெஞ்சத் தடவிக்கிட்டே இருக்கீங்க. போனு அடிச்சா தூக்கிப்போடுது உங்களுக்கு. எங்க போயிட்டு வந்தீங்க, எந்த டாக்டரு என்னா சொன்னாரு, எங்கிட்ட சொன்னா கொறஞ்சிடுவீங்களா?”

“ஒண்ணுமில்லன்னு சொன்னா வுடமாட்ட?” என்று எரிந்துவிழுந்து கையைக் கழுவினார். ஊரில் யார் முன்னாலும் தலைகுனியாத ஆள். ‘தெரியாமல் என் வேலையை நானே எழுதிக் கொடுத்துவிட்டேன்’ என்று பெண்டாட்டியிடம் எந்த முகத்தோடு சொல்வார்? ஆண்டாள் அதற்குமேல் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தலைக்குக் குளித்து, “கோயிலுக்குப் போயிட்டு வரேன்” என்று மட்டும் சொல்லி ஷேர் ஆட்டோ ஏறினாள். வரும்போது கண் சிவந்திருந்தது. அவர் பார்த்தார். கேட்கவில்லை.

திங்கட்கிழமை பதிவாளர் அறைக்கு வெளியே இருந்த கூடத்துக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். நாற்காலி பற்றாமல் சுவரோரமாகவும் ஆட்கள். நாற்பது பேருக்குக் குறையாது. டாக்டர் பட்டம் வாங்கினவர்கள், நூலகத்துக்காரர், பஸ் டிரைவர், கோட்டு போட்ட ஒரு துறைத் தலைவர். மூலையில் திருமால்.

இத்தனை கூட்டத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். ஒவ்வொருவரும் தன் போனுக்குள் முகத்தைப் புதைத்திருந்தார்கள். யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார் என்று யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற மாதிரி நடுவில் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். திருமால் பக்கத்தில் சாமிக்கண்ணு போய் நின்றார். அவர் கொஞ்சம் நகர்ந்துகொண்டார்.

கதவு திறந்தது. அன்புக்கரசி எட்டிப் பார்த்து, “சாமிக்கண்ணு ஐயா” என்றாள். முதல் ஆளே அவர்தான்.

பதிவாளர் தமிழ்ச்செல்வன் மெலிந்த உடம்பு, கனத்த கண்ணாடி. வளாகத்தில் எதிரே வந்தால் வணக்கம் சொல்வார், அதற்குமேல் ஒரு சொல் பேசி சாமிக்கண்ணு கேட்டதில்லை.

“உக்காருங்க.”

“பரவால்ல சார், நிக்கிறேன்.”

“உக்காருங்கய்யா. நீங்க நின்னா எனக்குப் படபடன்னு வருது.”

உட்கார்ந்தார். பதிவாளர் ஒரு பேனாவைத் திறந்தார், மூடினார்.

“நீங்கதான் முதல்ல போட்டீங்க. யோசிச்சுத்தான் போட்டீங்களா?”

அந்த நேரத்தில் சாமிக்கண்ணுவுக்கு ரெண்டு வழி இருந்தது. ‘யோசிச்சுத்தான் போட்டேன்’ என்று நிமிர்ந்து சொல்லிவிட்டு கௌரவமாக வெளியே போகலாம். படிக்கத் தெரியாத ஆள் என்ற பேராவது வராது. விரிந்த சூளைக்குள் அன்றைக்குப் போகும்போதுகூட இவ்வளவு வியர்வை வரவில்லை.

“சார்,” என்றார். “எனக்கு இங்கிலீசு படிக்கத் தெரியாது. தமிழே எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். நீங்க என்னா போட்டாலும் நான் கும்புடு போடுவேன். கல்யாணம்னாலும் போடுவேன், கருமாதின்னாலும் போடுவேன்.”

பதிவாளர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“ஆறு பேரக் குறைக்கச் சொன்னாங்கய்யா மேல. தானா யாரு போறாங்கன்னு கேட்டுப் பார்க்கலாம்னு போட்டேன். நாப்பது பேருக்கு மேல கும்புட்டு வெச்சிருக்காங்க. என் டிரைவரே கும்புட்டிருக்கான். இத நிர்வாகத்துக்கு எப்படிச் சொல்றது? நாப்பது பேர் போறாங்கன்னா பல்கலைக்கழகத்துல என்ன நடக்குதுன்னு என் கழுத்தப் புடிப்பாங்க. படிக்காம போட்டாங்கன்னு சொன்னா, நீ எதுக்குய்யா பதிவாளர்னு கேப்பாங்க.”

அப்போது அவர் போன் ‘டிங்’ என்றது. பதிவாளர் நாற்காலியில் துள்ளி விழுந்தார்.

சாமிக்கண்ணு அதைப் பார்த்தார். ‘அட, இந்த ஆளுக்குமா!’ அதோடு இன்னொன்றும் பட்டது. ‘ஆறு பேர்’ என்று சொன்னபோது பதிவாளரின் கண் சாமிக்கண்ணு பக்கம் வராமல் ஜன்னலுக்குப் போயிருந்தது.

“சார், ஒண்ணு கேக்குறேன். மறைக்காம சொல்லணும். அந்த ஆறு பேருல நான் இருக்கேனா?”

பதிவாளர் மறுபடியும் பேனாவைத் திறந்தார்.

“சொல்லுங்க சார். நெருப்புல நின்ன ஒடம்பு. தாங்கும்.”

“இருக்கீங்க” என்றார் பதிவாளர். “ஆய்வுக் குழு வரப்போறாங்க. பயிற்றுநர்னா சான்றிதழ் கேப்பாங்க. உங்ககிட்ட ஒண்ணும் இல்ல. சித்திரை மாசமே முடிவாயிடுச்சு.”

“சித்திரையிலயா! அதுக்கப்பறம் எத்தினி வாட்டி எனக்கு வணக்கம் சொன்னீங்க?”

“முகத்தப் பாத்து சொல்ல எனக்கு வரலய்யா. அதான் அந்த மெசேஜ்.”

வேலை போய்விட்டது. ஆனால் வெள்ளிக்கிழமையில் இருந்து பிடித்திருந்த பயமும் அதோடு போய்விட்டது.

“சரி சார். பருவம் முடியுற வரைக்கும் சூளையப் பாத்துக்குறேன். ஆனா ஒண்ணு. நான் போட்ட கும்புடு செல்லாதுன்னு எழுதிக்குங்க. சாமிக்கண்ணு தானா போனான்னு இருக்கக் கூடாது. இவருகிட்ட சர்ட்டிபிகேட்டு இல்ல, நாங்கதான் அனுப்பினோம்னு இருக்கணும். தொழிலு தெரியாம போனேன்னு எவனும் நாளைக்குச் சொல்லிடக் கூடாது பாருங்க.”

பதிவாளர் எழுந்து கையைக் கொடுத்தார். ஈரமாக இருந்தது.

வெளியே வந்ததும் அத்தனை தலையும் நிமிர்ந்தது. கேட்கிற தைரியம் மட்டும் ஒருவருக்கும் இல்லை. சாமிக்கண்ணு பேட்டையில் பேசுகிற குரலை எடுத்தார்.

“ஆறு பேருதானாம். அதுல நான் ஒருத்தன். மிச்சம் யாரு யாருன்னு உள்ள போயி வாயத் தொறந்து கேளுங்க. கேட்டா சொல்றாரு.”

பிறகு கோட்டுக்காரர் பக்கத்து ஆளிடம் மெல்லக் கேட்டார்.

“நீங்க படிச்சிட்டா போட்டீங்க?”

“எங்க சார் படிச்சேன்? கிளாஸ்ல இருந்தேன்.”

“நானும்தான். நீங்க போட்டிருந்தீங்களேன்னு போட்டேன்.”

“நான் சாமிக்கண்ணு போட்டிருந்தாரேன்னு போட்டேன்” என்றது திருமாலின் குரல். சொல்லிவிட்டு இத்தனை நாளுக்குப் பிறகு சாமிக்கண்ணுவின் முகத்தை நேராகப் பார்த்தார். “சனிக்கெழம உங்ககிட்ட பேசணும்னுதான் வந்தேன். பயமா இருந்துச்சு. மன்னிச்சிடுங்க” என்றார். பிறகு எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கதவைத் தட்டினார்.

மத்தியானமே வீட்டுக்கு வந்த புருஷனைப் பார்த்ததும் ஆண்டாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் ரத்தம் இல்லை.

“உக்காரு. சொல்றேன்” என்றார் சாமிக்கண்ணு. “எனக்கு வேல போயிடுச்சி. பருவம் முடிஞ்சதும் வரவேணாம்னுட்டாங்க.”

“ம். அப்பறம்?”

“அப்பறம் என்னா? அவ்வளவுதான்.”

“வேலதானா?” ஆண்டாள் அவர் சட்டையைப் பிடித்தாள். “வேறொண்ணும் இல்லியே? ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே? எந்தலையில அடிச்சி சொல்லுங்க.”

“ஒடம்புக்கு என்னா கேடு? குண்டுக்கல்லாட்டம்தான இருக்கேன்.”

அவ்வளவுதான். பிடித்த சட்டையை விடாமல் மார்பில் நாலு குத்து குத்தினாள். “பாவி மனுஷா! வேலைக்கா இப்புடி மூஞ்சியத் தூக்கிவெச்சிக்கிட்டு இருந்த? எந்த ஆஸ்பத்திரியில என்னா எழவச் சொல்லி அனுப்பினாங்களோன்னு நான் ரெண்டு நாளா செத்துச் செத்து... தெரியாமப் போயி கொளஞ்சியப்பருகிட்ட பிராது கட்டிட்டு வந்துட்டேனே!”

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் கோர்ட்டுக்கு எழுதுகிற மாதிரியே தாளில் குறையை எழுதி, சாமிக்கு முன்னால் கட்டிவிட்டு வருவார்கள். காரியம் முடிந்ததும் திரும்பப் போய் அதை வாபஸ் வாங்க வேண்டும். விருத்தாசலத்தில் சண்டையும் நோயும் களவும் அங்கேதான் போகும்.

“என்னா எழுதினே?”

ஆண்டாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். சொல்லத் தயங்கினாள்.

“‘எங்க வூட்டுக்காரரு எதையோ மறைக்கிறாரு. அவரு உசுர மட்டும் எடுத்துடாத சாமி. வேற எத வேணும்னாலும் எடுத்துக்க’ன்னு எழுதினேன்.”

சொன்ன பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். சாமிக்கண்ணு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். வாசலில் ஒரு மண் லாரி போய் ஜன்னல் கம்பி அதிர்ந்து அடங்கியது.

“வண்டிய எடுங்க” என்றாள் ஆண்டாள் கடைசியில். “சாயங்காலம் நட தொறந்ததும் போயி பிராத வாபஸ் வாங்கிடணும். இனிமே வேறெதையும் எடுத்துக்க வேணாம்னு நேருல நின்னு சொல்லணும்.”

அவர் கழுத்து அட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சாவியைத் தேடினார்.